மாரிக்கு முன் ஒரு தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை மாவட்டத்தில் வெள்ளம் வந்தால் நடப்பது இதுதான். வள்ளம் வருகிறது, நடக்க முடியாதவரை நாலு பேர் தூக்கி ஏற்றுகிறார்கள், சக்கரநாற்காலி வீட்டில் நின்றுவிடுகிறது. "இடமில்லை, பிறகு எடுப்பம்" என்கிறார்கள். நாற்காலியோடு அதன் மெத்தை, சிறுநீர் சேரும் பை, கிளினிக் கொப்பி, கேட்கும் கருவியின் பற்றரி, பிள்ளையின் பிரெய்ல் புத்தகம் எல்லாம் நின்றுவிடுகின்றன. பாடசாலை மண்டபத்தில் பாயில் கிடத்தப்பட்டவர், பதிவேட்டின்படி பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டவர். அவருக்கு மறுநாளே முதுகடியில் தோல் சிவக்கிறது. யாரும் பார்க்காவிட்டால் ஒரு வாரத்தில் அது புண்ணாகிறது. வெள்ளம் வடிந்து மற்றவர்கள் வீட்டைக் கழுவப் போகும்போது அவர் வார்ட்டுக்குப் போகிறார். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும்.

2004 கடற்கோள் சொல்லாமல் வந்தது. ஆனால் 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு எங்கள் கரையைக் கடந்த புரெவியும், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாவும் வாடைக் காலத்துப் புயல்கள். மகாவலி பெருகினால் மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கத்துத் தாழ்நிலங்களுக்குத் தண்ணீர் வரும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒக்டோபருக்கு முன் ஆயத்தமாகலாம். ஆகாமல் விடுகிறோம்.

சட்டத்துக்குக் குறைவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றாற்றலுள்ளோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது. மாற்றாற்றலுள்ளோர் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 11ஆவது உறுப்புரை அனர்த்த காலத்தையே பேசுகிறது. இல்லாதது கிராம உத்தியோகத்தரின் கையில் இருக்க வேண்டிய ஒரு தாள். இந்தக் கடிதம் அந்தத் தாளைப் பற்றியது, அதில் எழுதியதை முகாமில் எப்படிச் செய்வது என்பதைப் பற்றியது.

பெயர்ப்பட்டியல் பிரதேச செயலகங்களில் உண்டு. ஆனால் அது கொடுப்பனவுக்காக எடுத்த பட்டியல். 'நடமாட முடியாதவர்' என்று ஒரு சொல் எழுதியிருக்கும். வள்ளத்தோடு போகிறவருக்கு அந்தச் சொல்லால் பயனில்லை. அவருக்குத் தெரிய வேண்டியவை வேறு. ஆளை நிமிர்த்தி இருத்தலாமா, கிடத்தித்தான் கொண்டுபோக வேண்டுமா? தூக்க எத்தனை பேர் வேண்டும்? கையோடு எடுத்தே ஆகவேண்டிய சாமான் எது, அது வீட்டில் எங்கே இருக்கிறது? என்ன மருந்து, எத்தனை நாளைக்கு மிச்சம்? பேச்சு விளங்குமா, சைகையா, எழுத்தா? கூட வரும் ஆள் யார், அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார்? பக்கத்து வீட்டாரின் தொலைபேசி இலக்கம் என்ன? இவ்வளவும் ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கும். மூன்று பிரதி போதும். ஒன்று கிராம உத்தியோகத்தரிடம், ஒன்று கிராம அனர்த்தக் குழுவிடம், ஒன்று வீட்டில் பொலித்தீன் பையில் கதவுக்குப் பின்னால் தொங்க வேண்டும். கணினியில் மட்டும் ஏற்றிவைத்தால் மின்சாரம் போன இரவில் அது கைக்கு வராது.

எத்தனை பேர் தேறப்போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதோவொரு மாற்றாற்றலோடு வாழ்கிறார்கள். அந்தக் கணக்கில் 300 பேர் தங்கும் முகாமில் இருபத்தைந்து பேர் இருப்பார்கள். மூன்று பேர்தான் கண்ணில் படுகிறார்கள் என்றால், மற்றவர்கள் வீட்டில் விடப்பட்டிருக்கிறார்கள், அல்லது வெளியே தெரியாத குறைபாடுள்ளவர்கள்.

முதலில் தகவல். முச்சக்கரவண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கிறோம், கோவிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் அறிவிக்கிறோம். காது கேளாதவருக்கு இவை எதுவும் எட்டாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117உம் அம்புலன்ஸ் சேவையின் 1990உம் குரல் அழைப்பு எண்கள். குறுஞ்செய்தி தமிழில், அதே நிமிடத்தில் வர வேண்டும். அதோடு ஒவ்வொருவருக்கும் பக்கத்து வீட்டில் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். இரவில் கதவைத் தட்டிப் பயனில்லை. படுக்கும் இடத்து யன்னலுக்கு ரோச் வெளிச்சத்தை மூன்று தடவை அடிப்பது என்று முன்கூட்டியே பேசிவைக்கலாம். பார்வையற்றவருக்கு இது தலைகீழ். செய்தி கேட்டுவிடும், ஆனால் பழகிய ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடினால் வெள்ளைப்பிரம்பு கிணற்றுக் கட்டையும் மதகையும் காட்டித்தராது. அவரைப் பிடித்து இழுக்கக் கூடாது. உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரை அடி முன்னே நடவுங்கள்.

தூக்கும்போது வரும் பிழைகள் எப்போதும் ஒரே மாதிரியானவை. சக்கரநாற்காலியைக் கைப்பிடியிலோ கால்தட்டிலோ பிடித்துத் தூக்குகிறார்கள். பல நாற்காலிகளில் அவை கழரும் பாகங்கள், தூக்கிய வேகத்தில் கையோடு வந்துவிடும், ஆள் முன்னே சரிவார். பிடிக்க வேண்டியது இருக்கையின் கீழுள்ள இரும்புச் சட்டத்தை. மணலிலும் சேற்றிலும் முன்னே தள்ளினால் சின்னச் சக்கரம் புதையும். நாற்காலியைப் பின்னே சாய்த்து, பெரிய சக்கரங்கள் இரண்டிலும் பாரத்தை விட்டு, பின்பக்கமாக இழுக்க வேண்டும். வள்ளத்தில் ஆளை நாற்காலியோடு கட்டி ஏற்றுவது ஆபத்து. வள்ளம் கவிழ்ந்தால் இரும்பு அவரைக் கீழே கொண்டுபோகும். முதலில் ஆள், உயிர்காப்பு அங்கி, வள்ளத்தின் அடித்தட்டில் இருத்தல், பிறகு மடித்த நாற்காலி. மடித்தால் அது ஒரு ஆளின் இடத்தைக்கூடப் பிடிக்காது. ஆகவே 'இடமில்லை' என்பது பெரும்பாலும் பழக்கத்தில் வரும் பேச்சு.

வீட்டில் கட்டிவைக்க வேண்டிய பையைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் முகாமில் இந்தச் சாமான்கள் கிடைக்காது. நிவாரணப் பொதியில் அரிசி, பருப்பு, சீனி, பால்மா, சவர்க்காரம் வரும். சிறுநீர் எடுக்கும் குழாயான கதீற்றர் வராது.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர் நாளுக்கு 4 தொடக்கம் 6 தடவை தானே கதீற்றர் போட்டுச் சிறுநீர் எடுப்பவராக இருந்தால், இரண்டு வாரத்துக்கு 56 தொடக்கம் 84 வேண்டும். அவ்வளவு வாங்க வசதியில்லாமல் கழுவித் திரும்பப் பாவிப்பவர்கள் பலர். வீட்டில் அது ஓரளவு சரிவரும். வெள்ளத்தில் கிணறுகள் கலங்கியபின் அதே தண்ணீரில் கழுவினால் கிருமி உள்ளே போகும், சில நாளில் குளிர்காய்ச்சல் வரலாம். கொதித்தாறிய நீர் மட்டும்தான் பாவிக்கலாம். நிரந்தரமாகக் குழாய் வைத்திருப்பவர்களுக்கு, சாதாரண லேடெக்ஸ் குழாயை 4 வாரத்துக்கு மேல் விடக் கூடாது. ஆகவே குழாய் மாற்றிய திகதியைச் சிறுநீர் சேரும் பையின் மேல் பேனையால் எழுதிவைக்க வேண்டும். முகாம் தாதிக்கு அது ஒன்றே போதும். நெஞ்சுப் பகுதியின் 6ஆவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென்று கடுமையான தலையிடி, முகம் சிவந்து வியர்த்தல் வந்தால், பெரும்பாலும் குழாய் மடிந்திருக்கும் அல்லது அடைத்திருக்கும். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி இருத்தி, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, குழாயைப் பார்க்க வேண்டும். சரிவராவிட்டால் உடனே வைத்தியசாலை. தலையிடிக்குப் பரசிற்றமோல் கொடுத்துப் படுக்க வைப்பதுதான் நடக்கக்கூடிய மோசமான பிழை.

இருக்கும்போது 15 தொடக்கம் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடம்பைத் தூக்கிப் பாரத்தை மாற்றுவது, படுத்திருந்தால் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்புவது என்ற ஒழுங்கு முகாமில் குலைகிறது. சனத்துக்கு நடுவே படுத்திருப்பவர் வெட்கத்தில் உதவி கேட்க மாட்டார். நனைந்த மெத்தையில் இருத்துவதும் அதே புண்ணில்தான் முடியும். ஸ்பொஞ் மேலே காய்ந்ததாகத் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். அழுத்திப் பார்த்து ஒரு துளியும் வராதபோதுதான் பாவிக்கலாம். அதுவரை மடித்த போர்வை போதும், ஆனால் மடிப்புத் தடம் தோலுக்கு நேரே வரக் கூடாது.

செயற்கைக் கால் பாவிப்பவர்கள் இரவில் அதைக் கழற்றி எட்டத்தில் வைக்க வேண்டாம், வெள்ளம் இரவிலும் வீட்டுக்குள் வரலாம். மிச்சக் கால் பொருந்தும் கிண்ணம் நனைந்திருக்க, அந்தக் காலுக்குப் போடும் ஸ்டம்ப் சொக்ஸும் ஈரமாக இருக்க நடந்தால் ஒரே நாளில் தோல் உரியும். குறைந்தது மூன்று மாற்றுச் சொக்ஸ் பையில் இருக்கட்டும். செயற்கைக் காலை நாலைந்து நாள் போடாமல் விட்டால் மிச்சக் கால் வீங்கி, பிறகு கிண்ணம் ஏறாது. போடாத நாட்களில் கிரேப் பன்டேஜை நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் எட்டு வடிவில் சுற்றிவைக்க வேண்டும். வட்டம் வட்டமாகச் சுற்றினால் இரத்த ஓட்டம் தடைப்படும்.

கேட்கும் கருவிக்கு ஈரம் எதிரி. மூடி இறுகும் சின்னப் போத்தல், அதற்குள் புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பக்கெற் இரண்டு, இரவில் பற்றரிக் கதவைத் திறந்து உள்ளே வைப்பது: செலவு ஒன்றுமில்லை. பற்றரி இலக்கம் 13 என்றால் செம்மஞ்சள் ஒட்டு, 312 என்றால் மண்நிறம், 675 என்றால் நீலம். தாளில் நிறத்தை எழுதினால் வாங்கிவருபவர் பிழைவிட மாட்டார். ஒட்டை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை தொடங்கும், திரும்ப ஒட்டினாலும் நிற்காது. ஆகவே 'சரிபார்க்க' எல்லாவற்றையும் உரித்துவிடக் கூடாது. சின்னப் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

மருந்து. கிளினிக்கில் பொதுவாக ஒரு மாத மருந்து தருகிறார்கள். திகதிக்கு ஐந்து நாள் முந்தி வெள்ளம் வந்தால் கையில் ஐந்து நாள் மருந்துதான். முகாமுக்கு வரும் நடமாடும் சிகிச்சைக் குழுவிடம் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்து இருக்கும், வலிப்பு மருந்தும் மனநல மருந்தும் இருப்பது அரிது. வலிப்பு மருந்து திடீரென்று நின்றால் ஒன்றன்பின் ஒன்றாக வலிப்பு வரலாம். வலிப்பு வந்தவரைப் பக்கவாட்டில் திருப்பி விடுங்கள், வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள். சாவிக்கொத்து கொடுப்பதை இன்னும் விடவில்லை எங்கள் சனம். 5 நிமிடம் தாண்டினால் 1990. மனநல மருந்துகளில் இரண்டைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். குளோசபின் 48 மணித்தியாலத்துக்கு மேல் விடுபட்டால், பழைய அளவிலேயே திரும்பத் தொடங்கக் கூடாது. வைத்தியர் சிறிய அளவிலிருந்து ஏற்றிவர வேண்டும். லிதியம் எடுப்பவருக்கு வயிற்றோட்டத்தால் உடம்பு நீர் வற்றினால் மருந்து இரத்தத்தில் ஏறி நஞ்சாகும், கை நடுக்கமும் தள்ளாட்டமும் முதல் அறிகுறிகள். இவற்றை 'பயத்தில் குழம்பிப்போனார்' என்று விட்டுவிடுவது முகாம்களில் எளிது.

ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான கிளினிக் நாட்களில் இரண்டு வார மருந்து மேலதிகமாகக் கொடுப்பது நிர்வாகத்துக்கு முடியாத காரியமல்ல. 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபால் ஊழியர்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்த நாடு இது. நோயாளி செய்யக்கூடியது ஒன்று: கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து ஊருக்கு வெளியே உள்ள உறவினர் ஒருவருக்கு அனுப்பிவைப்பது. கொப்பி நனைந்தாலும் மருந்தின் பெயரும் அளவும் தப்பும்.

முகாம் பெரும்பாலும் பாடசாலைதான். விறாந்தை தரையிலிருந்து 18 அங்குலம் உயரம் என்று வைப்போம். ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம், அதாவது 1:12 என்ற சரிவுக் கணக்குப்படி அதற்கு 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். இருக்கும் சாய்தளங்கள் பலவும் ஐந்தாறு அடிதான், திறப்புவிழாப் படத்துக்குப் போதும், நாற்காலிக்குப் போதாது. அவசரத்தில், பின்னால் ஒருவர் பிடித்துவருவார் என்றால், 12 அடியில் சமாளிக்கலாம். மண் மூட்டைகளைப் படிப்படியாக அடுக்கி, 4க்கு 2 அங்குல மரச் சட்டம் போட்டு, முக்கால் அங்குலப் பிளைவூட் பலகையை அறைய வேண்டும். அகலம் 3 அடிக்குக் குறையக் கூடாது. இரு ஓரமும் 2 அங்குல உயரத்தில் ரீப்பை அடித்தால் சக்கரம் வழுகி விழாது. நனைந்த பலகை வழுக்கும் என்பதால் மேலே தும்புப் பாயை ஆணியால் அடிக்கலாம். உச்சியில் 5 அடி சமதரை இல்லாவிட்டால் கதவைத் திறக்கும்போது நாற்காலி பின்னோக்கி உருளும்.

மலசலகூடம்தான் முகாமின் மிகக் கொடிய இடம். சக்கரநாற்காலியின் வெளி அகலம் ஏறத்தாழ 25 தொடக்கம் 27 அங்குலம், மலசலகூடக் கதவோ பல இடங்களில் 24 அங்குலம். ஒரு கூடத்தின் கதவையும் நிலையையும் கழற்றித் திரை தொங்கவிட்டால் அந்த அங்குலங்கள் கிடைக்கும். உள்ளே குந்தும் தட்டு என்றால், கைப்பிடியுள்ள பிளாஸ்ரிக் கதிரைகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று செருகி, நடுவில் 8 அங்குல ஓட்டை வெட்டி, விளிம்புக்குப் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றித் தட்டின் மேல் வைக்கலாம். ஒற்றைக் கதிரை ஓட்டை வெட்டியதும் நடுவால் பிளக்கும், அதனால்தான் இரண்டு. கால்கள் விரியாமல் நைலோன் கயிற்றால் குறுக்கே கட்ட வேண்டும். நிறை கூடிய ஒருவர் முதலில் இருந்து பார்த்த பிறகே மற்றவருக்குக் கொடுங்கள். பார்வையற்றவருக்குப் பாயிலிருந்து கூடம்வரை இடுப்பளவில் ஒரு கயிறு இழுத்துக் கட்டினால், இரவில் யாரையும் எழுப்பத் தேவையில்லை. இவை இல்லாத இடத்தில் பெண்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறார்கள். அடுத்தது சிறுநீர்த் தொற்று.

முகாம்களுக்கான சர்வதேச நிவாரண அளவுகோலான ஸ்பியர் ஒருவருக்கு நாளுக்கு 15 லீற்றர் நீர் என்றும் 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்றும் சொல்கிறது. கதீற்றர் கழுவுபவருக்கும் படுக்கையில் துடைக்க வேண்டியவருக்கும் இந்த 15 லீற்றர் பற்றாது. அவர்கள் பெயருக்கு நேரே தனியாக இரண்டு வாளி ஒதுக்க வேண்டும்.

பெருமூளை வாதமுள்ள பிள்ளைக்கு மதியச் சோற்றுப் பார்சல் சாப்பாடாகாது. மசித்து, உறைப்பில்லாமல், தேக்கரண்டியால் கொடுக்க வேண்டும். வீட்டில் பிரத்தியேகக் கதிரை இருந்திருக்கும், முகாமில் மடியில் கிடத்தி ஊட்டுவார்கள், சோறு மூச்சுக்குழாய்க்குள் போகும், அது நிமோனியாவாக வரும். சாதாரணக் கதிரையில் இரு பக்கமும் சுருட்டிய துவாய் செருகி, தலை சற்று முன்னே சரியும்படி இருத்தி ஊட்டினால் ஆபத்துக் குறையும்.

இனிக் கல்வி. பாடசாலை முகாமானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் படிப்பு நிற்கிறது, உண்மை. ஆனால் திரும்பத் தொடங்கும் நாள் எல்லோருக்கும் ஒன்றல்ல. விசேட கல்வி அலகு பெரும்பாலும் கீழ்மாடியில், வாசலுக்குக் கிட்ட இருக்கும். நிவாரணப் பொருள் இறக்க வசதியான அறை என்று முதலில் அதைத்தான் எடுப்பார்கள், கடைசியாகத்தான் விடுவார்கள். பிரெய்ல் புத்தகத்தின் மேல் அரிசி மூட்டை அடுக்கினால் புள்ளிகள் நசுங்கும். அதன்பின் அது வெறும் தடித்த கடதாசி. பிரெய்ல் புத்தகத்தைப் படுக்கவைத்து அடுக்கவே கூடாது, நிமிர்த்தி நிறுத்த வேண்டும். நனைந்தால் அழுத்தாமல், அயர்ன் பண்ணாமல், ஒவ்வொரு தாளாகக் கொடியில் தொங்கவிட வேண்டும். பெர்கின்ஸ் பிரெய்ல் தட்டச்சுப்பொறி ஐந்து கிலோவுக்குக் கிட்ட வரும், அதைத் தூக்கிக்கொண்டு எந்தப் பிள்ளையும் வள்ளம் ஏறாது. ஆகவே பையில் பிரெய்ல் பலகையும் எழுத்தாணியும் இருபது தடித்த தாளும் இருக்கட்டும். எழுதுவதை நிறுத்தாமல் இருக்க அது போதும்.

வகுப்பு நின்ற நாட்களில் பாடம் வட்ஸ்அப்பில் வருகிறது. கரும்பலகையைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். பார்வையற்ற மாணவரின் கைபேசி அதைப் 'படம்' என்று மட்டுமே வாசிக்கும். சரி, தட்டச்சில் அனுப்புவோம் என்றால் ஆசிரியர்களில் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கிறார்கள். பாமினி பார்வைக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. திரைவாசிப்பான் அதைப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாக உளறும். யூனிகோடில் அடித்தால் அதே கைபேசி தமிழை வாசித்துக் காட்டும். ஒரு ஆசிரியர் ஒரு விசைப்பலகையை மாற்றுவதால் ஒரு மாணவருக்குப் பாடம் திறக்கிறது என்றால், வலயக் கல்வி அலுவலகம் இதற்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புவதில் என்ன தடை? காது கேளாத பிள்ளைக்கு இதற்கு எதிர்மாறு. குரல்பதிவு வேண்டாம், எழுத்தோ, முகத்தில் வெளிச்சம் விழும்படி எடுத்த காணொளியோ வேண்டும். யன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்து பதிவு செய்தால் முகம் இருட்டாகும், உதடும் சைகையும் தெரியாது.

பரீட்சை பற்றி ஒன்று. 2025 உயர்தரப் பரீட்சை இடையில் நின்றதுபோல நிலையமும் திகதியும் மாறும்போது, மேலதிக நேரத்துக்கும் எழுத்துதவியாளருக்கும் பெற்ற அனுமதி புதிய நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. மேற்பார்வையாளர் தன் கையில் கடிதம் இல்லாமல் ஒரு நிமிடமும் கூடுதலாகத் தர முடியாது, அவரிலும் பிழையில்லை. அனுமதிக் கடிதத்தின் பிரதி ஒன்று பாடசாலையிலும் ஒன்று வலயத்திலும் ஒன்று மாணவரின் பொலித்தீன் பையிலும் இருக்க வேண்டும். நிலையம் மாறினால், பழைய நிலையத்தின் பொறுப்பாளர் புதியவரிடம் பெயரைச் சொல்லி ஒப்படைக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

செலவென்று பார்த்தால், இந்தக் கடிதத்தில் காசு கேட்பது சாய்தளமும் மேலதிக மருந்தும்தான். மற்றவை செப்டெம்பரில் பிரதேச செயலகம் ஒவ்வொன்றிலும் ஒரு காலைக் கூட்டம். கிராம உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து ஒருவர், விசேட கல்வி ஆசிரியர் ஒருவர், வள்ளக்காரர் ஒருவர். மாற்றாற்றலுள்ளோர் குறைந்தது இருவர், அவர்களுக்காகப் பேச வந்தவர்கள் வேறாக. மேசையில் வெற்றுத் தாள்கள், முகாமாகப் பாவிக்கப்போகும் பாடசாலைகளின் பட்டியல், ஒரு அளவுநாடா. கூட்டம் முடிந்ததும் அளவுநாடாவோடு முதல் பாடசாலையின் மலசலகூடக் கதவுக்குப் போகலாம்.

இப்படிக்கு,
மறுவாழ்வுச் சேவையிலும் விசேட கல்வியிலும் பணிபுரியும் சிலர்,
திருகோணமலை.